எட்டிப் பார்த்த டீச்சர்

குளியலறைத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். விழுந்திருந்தது. குழாயைத் திறந்துவிட்டாள். இந்தச் சத்தத்தில் பாட்டிலைக் குலுக்கினால் வெளியே கேட்காது.

மகப்பேறு வார்டில் அவள் பெயர் பால் டீச்சர். பொம்மைக் குழந்தையை மார்பில் சாய்த்துக் காட்டி, புது அம்மாக்களுக்குப் பாலூட்டக் கற்றுக்கொடுப்பவள். இப்போது அவளுக்கே ஒரு மகள். மகளுக்கு எடை ஏறவில்லை. டீச்சருக்குக் காம்பு வெடித்து ரத்தம். "கொஞ்ச நாளைக்குப் பால் பவுடரும் கொடுங்க. யாரையாவது பக்கத்துல வெச்சுக்கிட்டுத் தாய்ப்பால் ஊட்டிப் பாருங்க" என்றார் டாக்டர். பவுடர் வாங்கினாள். பக்கத்தில் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

ஹாலில் உறவுக்கூட்டம். மாமியார் முழங்கிக்கொண்டிருந்தார். "எங்க மருமக இருக்கற வீட்டுக்குள்ள பாட்டில் நுழையுமா?"

கதவு தட்டப்பட்டது.

"அண்ணி! குழந்தை கட்டில்ல வீல்னு கத்துது. உள்ள என்ன பண்றீங்க?"

நாத்தனார். வேறு யாராக இருந்தாலும் பரவாயில்லை. போன வருடம் கைக்குழந்தையோடு வந்த இவள் கையில் பாட்டிலைப் பார்த்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் டீச்சர் கேட்டாள். "சோம்பேறித்தனத்துக்குப் பேரு பால் வரலையா?" அன்று நாத்தனார் சாப்பிடாமலே கிளம்பிப் போனாள்.

கதவைத் திறந்தாள். பாட்டில் முதுகுக்குப் பின்னால். ஆனால் துப்பறியவே தேவையில்லை. மூக்கு நுனியில் பவுடர் ஒட்டியிருந்தது.

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். நாத்தனார் சிரிக்கவில்லை. அதுதான் சுட்டது.

"உக்காருங்க. எப்படிக் கொடுக்கறீங்கன்னு பாக்கறேன்."

"வேண்டாம்."

"ஊருக்கெல்லாம் நாடி பிடிச்சவங்களுக்கு நாடி பிடிக்க ஒரு ஆள் வேண்டாமா? உக்காருங்க அண்ணி."

உட்கார்ந்தாள். பாட்டிலைக் கட்டிலில் வைத்துவிட்டு மகளை எடுத்து மார்போடு சேர்த்தாள். குழந்தை கவ்வியது. டீச்சர் வழக்கம்போலக் குனிந்தாள். கீழுதடு மலர்ந்திருக்கிறதா? தாடை பதிந்திருக்கிறதா?

"ஏன் எட்டி எட்டிப் பாக்கறீங்க?"

"சரியாப் பிடிச்சிருக்காளான்னு..."

"நீங்க குனியுறப்பல்லாம் வாயிலேர்ந்து நழுவுதே! பாவம், நுனியைக் கடிச்சுக்கிட்டுத் தொங்கறா."

டீச்சர் உறைந்தாள். எத்தனையோ அம்மாக்களை எதிரில் உட்கார்ந்து பார்த்தவள். எதிரிலிருந்து தெரிந்ததெல்லாம் மேலிருந்து தெரியவில்லை. தெரியாததைப் பார்க்கப்போய், தானே ஒவ்வொரு முறையும் பிடியைக் கெடுத்திருக்கிறாள்.

சாய்ந்துகொண்டாள். மின்விசிறியைப் பார்த்தாள்.

"ம்... இறங்குது. தொண்டை அசையுது."

முதன்முறையாக வலிக்கவில்லை. கண் மட்டும் எரிந்தது.

"அன்னைக்கு உன் பக்கத்துல நான் உக்காரவே இல்ல."

"ஆமா. நின்னுக்கிட்டே திட்டினீங்க."



குழந்தை மறுபடி சிணுங்கியது. பால் நன்றாக ஊறும்வரை பவுடரும் வேண்டும். ஹாலிலிருந்து மாமியார் குரல் பாய்ந்தது. "டீச்சரம்மா! பேத்தி குடிச்சாளா? எல்லாரும் பாக்கணும்கறாங்க!"

நாத்தனார் சட்டென்று பாட்டிலை முந்தானைக்குள் மறைத்தாள். "நான் சமாளிக்கறேன். நீங்க வராதீங்க."

டீச்சர் கூசிப்போனாள். இவளை அன்று நடு ஹாலில் நிறுத்தினோம். இவள் நம்மை ஒளித்து வைக்கிறாள்.

"கொடு."

ஒரு கையில் மகள், மறு கையில் பாட்டில். ஹாலுக்குள் நுழைந்ததும் பேச்சு அறுந்தது. காது மடல்வரை சூடேறியது.

"அத்தை, என் பால் போதல. பவுடரும் கொடுக்கறேன். போன வருஷம் இவளை அப்படிப் பேசினது தப்பு."

மாமியார் பாட்டிலையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தப்புதான்," என்றாள் நாத்தனார், அத்தனை பேர் முன்னாலும். பிறகு இரண்டு நாற்காலிகளை அருகருகே இழுத்துப் போட்டாள்.