வால்மிருக்கு இருபது டி-ஷர்ட்

டால்வா மூன்றாம் முறையாகக் கணினியை அணைத்துப் போட்டாள். திரை கறுத்து, வெளுத்து, மறுபடியும் அதே சாம்பல் நிறச் சன்னலில் வந்து நின்றது. புகைப்படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வரிசை வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு கேள்விக்குறி. அடியில் 'பழைய தொகுப்பு மாற்றப்படுகிறது, 62 சதவீதம்' என்று ஒரு வரி. காலை எட்டு மணிக்கும் அறுபத்திரண்டுதான், பதினொன்றரைக்கும் அறுபத்திரண்டுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம், முன்னறையில், அவள் புருஷன் வால்மிர் சவப்பெட்டிக்குள் கிடந்தான். நேற்றுக் காலை ரொட்டி வாங்கப் போனவன் கடை வாசலிலேயே சரிந்து விழுந்தான். வயது ஐம்பத்தொன்று. இன்று நாலு மணிக்கு, மழை விட்ட பிறகு எடுப்பதாகப் பேச்சு. தினமும் மதியம் மழை பெய்யும் பெலேம் நகரத்தில் எதற்கும் மழைக்கு முன், மழைக்குப் பின் என்றுதான் கணக்கு.

அதற்குள் இருபது டி-ஷர்ட் தயாராக வேண்டும். நெஞ்சில் செத்தவரின் படமும் பெயரும் போட்ட சட்டையோடு சவத்தின் பின்னால் போவது இந்தப் பேட்டையில் வழக்கம். பதினொரு வருஷமாக அந்தச் சட்டைகளைப் போட்டுத் தருகிறவள் டால்வா. குண்டடி பட்ட பையன்கள், ஆற்றில் போனவர்கள், தொண்ணூறு வயதுக் கிழவிகள், எல்லா முகமும் அவள் கைவழியாகத்தான் துணிக்குப் போயிருக்கின்றன.

வால்மிரின் அக்கா ஜுசாரா கதவருகே வந்து நின்றாள்.

"ஆச்சா?"

"படம் தொறக்க மாட்டேங்குது, அண்ணி."

"ஊர்ல செத்தவனுக்கெல்லாம் ஒரு மணி நேரத்துல போட்டுக் குடுத்த. என் தம்பிக்கு மட்டும் மெஷின் மக்கர் பண்ணுதாக்கும்."

டால்வா மறுபடியும் திரைக்குத் திரும்பினாள். மக்கர் பண்ணுவது மெஷின் இல்லை, புது மென்பொருள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வால்மிர்தான் அதை ஏற்றினான். பழைய பதிப்புக்கு இனி ஆதரவு கிடையாதாம், எந்த நிமிஷமும் படுத்துவிடுமாம். அவளுக்கு அந்தப் பழையது போதும். கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்வாள். புதியதைத் திறந்து காட்டியபோது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. எல்லாம் கறுப்பு, பொத்தான்களுக்குப் பெயர் இல்லை, தூரிகை இருந்த இடத்தில் தூரிகை இல்லை. பழைய கணினிக்கு அது குருவி தலையில் பனங்காய். ஒவ்வொரு அசைவுக்கும் மூச்சு வாங்கியது.

"என் கடைய எனக்கே தெரியாம ஆக்கிட்ட," என்றாள் அவனிடம். "பழசையே போட்டுக் குடு. இல்லன்னா இனிமே இத நீ தொடவே தொடாத."

"நாளைக்கு நிதானமா சொல்லித் தர்றேன். ரொம்பச் சுலபம்டி."

"ஒண்ணும் வேணாம். ஒன் சுலபம் ஒன்னோட இருக்கட்டும்."

அவள் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு படுத்தாள். காலையில் அவன் ரொட்டிக்குக் கிளம்பியபோதும் தூங்குகிற மாதிரிதான் கிடந்தாள். செருப்பைத் தேடினான், இருமினான், கதவைச் சாத்தினான். அந்தச் சத்தங்களை நேற்றிலிருந்து அவள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரையின் நடுவில் ஒரு சிறு பெட்டி குதித்தது. 'புதிய பதிப்பு எப்படி இருக்கிறது? ஐந்து நட்சத்திரங்களுக்கு எத்தனை தருவீர்கள்?' காலையிலிருந்து இது நாலாம் தடவை. அவள் அதை மூடினாள்.

மெஷின் நின்றுவிட்டால் வால்மிர் அவசரப்பட மாட்டான். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையில் உள்ள வரிகளை ஒன்று விடாமல் படிப்பான். 'மெஷின் பொய் சொல்லாது. நீதான் படிக்காம எண்டரத் தட்டுற' என்பான். டால்வா படித்தாள். அறுபத்திரண்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'மூலக் கோப்புகள் உள்ள வட்டு காணப்படவில்லை' என்று இருந்தது. மேசைக்குக் கீழே குனிந்தாள். வெளியில் செருகும் அந்தக் குட்டி வட்டு இருந்த இடத்தில் காபிக் குடுவை இருந்தது.

"அண்ணி, இங்க ஒரு கறுப்புப் பெட்டி இருந்துச்சே."

"காபிக் குடுவ வைக்க எடம் பத்தலன்னு எடுத்து அலமாரில வச்சேன். அது முக்கியமா?"

அவள் எழுந்து போய் எடுத்துவந்து செருகினாள். அறுபத்து மூன்று. அறுபத்தேழு. கேள்விக்குறிகள் ஒவ்வொன்றாக முகங்களாயின.

வால்மிர் படம் எடுக்கிறவன். படத்தில் இருக்கிறவன் இல்லை. தேடித் தேடிக் கடைசியில் மச்சான் வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த ஒன்று கிடைத்தது. நீலச் சட்டை, இடது பக்கம் வகிடு, எதற்கோ சிரிக்க ஆரம்பித்த வாய். அவள் அதைத் திறந்தாள். திறந்ததுமே மென்பொருள் தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. பல் வெளுத்தது, கண்ணடிப் பை காணாமல் போனது, கன்னம் மெழுகிய தரை ஆனது.

ஜுசாரா குனிந்து பார்த்தாள். "பரவால்லையே. பத்து வயசு கொறஞ்சிட்டான். இப்படியே போட்டுரு."

"இது அவன் இல்ல, அண்ணி."

"செத்தவன் அழகா இருந்தா யாருக்கு நஷ்டம்?"

"தழும்பு எங்க?"

இடப் புருவத்தை இரண்டாகப் பிளந்த தழும்பு. ஜுசாரா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். "படகுக் கயிறு அடிச்சது," என்றாள். "அத இழுத்துப் பிடிச்சிட்டிருந்தது நான்தான். கை வழுக்கி விட்டுட்டேன். யார்கிட்டயும் சொன்னதில்ல அவன்." பிறகு முந்தானை மாதிரி தோளில் கிடந்த துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இருக்கட்டும். தழும்போடயே போடு."

டால்வா ஒவ்வொரு திருத்தமாக நீக்கிக்கொண்டே வந்தாள். பை வந்தது, சுருக்கம் வந்தது, தழும்பு வந்தது. அடியில் பெயரை எழுதினாள், இரண்டு தேதிகளை எழுதினாள். இரண்டாவது தேதி நேற்றையது.

இனி அச்சு. காகிதத்தில் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி அச்சாக வேண்டும். சூட்டில் அழுத்தித் துணிக்கு மாற்றும்போது நேராகிவிடும். பழைய பதிப்பில் அதற்கென்றே வால்மிர் ஒரு பொத்தான் செய்து வைத்திருந்தான். புதியதில் அது போயிருக்கும் என்றுதான் நினைத்தாள். மூன்று பட்டியல்களுக்குள் புகுந்து தேடினால், ஒரு மூலையில், அவன் வைத்த பெயரிலேயே கிடந்தது. கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி நெஞ்சு லேசானது. அழுத்தினாள். திரையில் முகம் திரும்பிக்கொண்டது. அச்சுக்கான சன்னல் வந்தது. பழகின கை எண்டரைத் தட்டியது.

கையில் இருந்தது சரியாக இருபது தாள். ஞாயிற்றுக்கிழமை, வாங்கக் கடை கிடையாது. எப்போதும் ஒன்றைச் சோதனைக்குப் போடுகிறவளுக்கு இன்று அதற்கு வழியில்லை.

ஜுசாரா அச்சுப்பொறி பக்கம் நின்று தாள்களை வாங்கினாள். "பேரு தெளிவா விழுந்திருக்கு," என்றாள். டால்வா தலையாட்டிவிட்டு அடுத்த சட்டையைச் சூட்டுத் தட்டில் விரித்தாள். தாளைக் கவிழ்த்து வைத்தாள், அழுத்தினாள், எடுத்தாள். ஆறிய பிறகுதான் தாளை உரிக்க வேண்டும். சூட்டில் உரித்தால் படம் கிழியும். சட்டைகள் தாளோடு மேசை மேல் அடுக்கடுக்காக ஏறின. இடையில் மழை வந்து தகரத்தை அடித்தது. முன்னறையில் ஜெபமாலை சொன்னவர்கள் குரலை உயர்த்தினார்கள்.

மூன்றேகாலுக்கு மழை விட்டது. டால்வா முதல் தாளை உரித்தாள்.

வால்மிர் வலப்பக்கம் வகிடு எடுத்திருந்தான். தழும்பு வலப் புருவத்தில் இருந்தது. பெயர் கடைசி எழுத்தில் தொடங்கி முதலெழுத்தில் முடிந்தது. இரண்டாவதை உரித்தாள். மூன்றாவதை உரித்தாள். ஏழாவதில் ஜுசாரா அவள் கையைப் பிடித்தாள்.

"போதும், விடு."

"நேரா தெரிஞ்சிருக்கக் கூடாது, அண்ணி. தாள்ல பேரு நேரா தெரிஞ்சிருக்கவே கூடாது. பேரு தெளிவா இருக்குன்னு நீங்க சொன்னீங்க. எனக்கு ஒறைக்கல."

"எனக்கென்னடி தெரியும்?"

"ஒங்களச் சொல்லல."

அவள் கணினிக்குப் போனாள். அச்சுச் சன்னலைத் திறந்தாள். இந்த முறை படித்தாள். தாளின் அளவு சரியாக இருந்தது. நிறம் சரியாக இருந்தது. 'திருப்பி அச்சிடு' என்ற கட்டத்தில் ஏற்கெனவே குறி போட்டிருந்தது. மேலே, இந்த அமைப்பைச் சேமித்தவர் வைத்த பெயர் இருந்தது: 'டால்வாவுக்கு'. சேமித்த நேரம் வெள்ளிக்கிழமை, இரவு 11:40. அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு படுத்த பிறகு அவன் உட்கார்ந்து செய்திருக்கிறான். பொத்தான் தேட வேண்டாம், எதுவும் பழக வேண்டாம், வழக்கம்போல எண்டரைத் தட்டினால் போதும். அவளோ பழைய பொத்தானையும் அழுத்திவிட்டாள். இரண்டு முறை திரும்பியது நேராகத் தாளில் விழுந்து, துணியில் இடவலம் மாறிப் போனது.

"என்னடி பாத்துட்டிருக்க?"

"ஒண்ணுமில்ல. அவன் எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கான்."

அவளுக்கு அழுகை வரவில்லை. வந்தால் தேவலை என்று இருந்தது.

"சவ வண்டி வந்தாச்சு," என்று யாரோ வாசலில் சொன்னார்கள். ஜுசாரா மீதித் தாள்களையும் உரித்தாள். ஒரு சட்டையை எடுத்துத் தலைவழியாக மாட்டிக்கொண்டு, கீழே இழுத்துவிட்டாள். "இதையே போட்டுக்குவோம். வெறும் நெஞ்சோட என் தம்பி பின்னால போக மாட்டேன்." மற்றவர்களும் வந்து எடுத்துக்கொண்டார்கள். டால்வாவும் ஒன்றை மாட்டிக்கொண்டாள். ஒருவர் மட்டும் பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

பெட்டி வண்டிக்குள் போனது. ஓட்டுநர் பின்கதவை இறக்கிச் சாத்தினார். அதில் மழைத்தண்ணீர் கழுவிவிட்ட பெரிய கறுப்புக் கண்ணாடி. உள்ளே இருப்பது தெரியவில்லை, எதிரே நிற்பவர்கள்தான் தெரிந்தார்கள்.

டால்வா நிமிர்ந்தாள். கண்ணாடியில் அவள் நெஞ்சின் மேல் பெயர் நேராக இருந்தது. வகிடு இடப்பக்கம். தழும்பு இடப் புருவத்தில். பின்னால் நின்ற எல்லோர் மேலும் அவன்தான், இருபது பேராக, எதற்கோ சிரிக்க ஆரம்பித்த வாயோடு.

"டால்வா, கல்லறைக்குப் போற பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்குது. வா."

"இருங்க, அண்ணி."

வண்டி நகர்ந்தது. அவளும் கூடவே நடந்தாள். கண்ணாடியில் அவன் முகம் உள்ளங்கை அளவானது, பிறகு கட்டைவிரல் அளவு. அவள் நடையை எட்டிப் போட்டாள். சேற்றில் ஒரு செருப்பு கழன்றது, திரும்பவில்லை. தெருமுனையில் வண்டி வளைந்தபோது கண்ணாடியில் யாருடைய வீட்டுச் சுவரோ வந்தது.