நாற்பத்தொரு வயர்

ஞானசேகரன் ஆவடியில் பீரங்கி வண்டிகளுக்கு முப்பத்து நான்கு வருஷம் வயரிங் செய்தவர். ரிட்டயர் ஆகி எட்டு மாதம் ஆகிறது. அந்த எட்டு மாதத்தில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, வலது கை விரல்கள் லேசாக நடுங்கத் தொடங்கின. அதை மனைவி அஞ்சலையிடம்கூடச் சொல்லாமல், காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கப் பழகிக்கொண்டார். இன்னொன்று, தன் தொண்ணூற்றெட்டாம் வருஷத்து மாருதி 800-க்கு ஒரு ஆல்டோ இஞ்சினை வாங்கி வந்து இறக்கினார்.

இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பார் அவர். நாம் நம்ப வேண்டியதில்லை.

பழைய இஞ்சினுக்கு நாலைந்து வயர் போதும். புதியதற்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, அதிலிருந்து குழந்தையின் கை பருமனுக்கு ஒரு வயர் கட்டு. எண்ணிப் பார்த்தார், பழைய வண்டியோடு சேர்க்க வேண்டியவை நாற்பத்தொன்று. ஃபேக்டரியில் ஒரு வழக்கம் உண்டு. வயரை ஒருத்தர் சேர்ப்பார், இன்னொருத்தர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். குவார்ட்டர்ஸ் வாசலில் அந்த இன்னொருத்தர் அஞ்சலைதான். அவர் பானட்டுக்குள் தலையை விட்டபடி நம்பர் சொல்ல, அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, வயரில் ஒட்டிய டேப்பில் எழுதியதைப் பார்த்து நோட்டில் டிக் அடிப்பாள். ஒன்று தப்பினாலும் விடமாட்டாள்.

ஆனால் அந்த இஞ்சினை அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. பூந்தமல்லி ரோட்டில் பின்பக்கம் நசுங்கிப்போன காரிலிருந்து கழற்றியது. "எவன் உசுரு போன வண்டியோ" என்று முணுமுணுத்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அவர் சொன்னார். அவருக்கும் தெரியாது.

இஞ்சினோடு ஒரு சாவியும் வந்திருந்தது.

"இது இன்னாத்துக்குங்க?"

"அது வேஸ்ட் அஞ்சலை. நான் பழைய பூட்டத்தான் போட்டுகீறேன். தூக்கிப் போட்டுடு."

ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. மறுநாள் காலை ஞானசேகரன் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் கணகணவென்று சுற்றியது. இஞ்சின் பிடிக்கவில்லை.

எர்த் வயரைக் கழற்றிச் சுரண்டி மாட்டினார். நாற்பத்தொரு வயரையும் மீட்டர் வைத்துத் தொட்டுப் பார்த்தார், மறுநாளும் பார்த்தார். எல்லாம் சரி என்றே மீட்டர் காட்டியது. அதுதான் அவரை வதைத்தது. வயர் சரி, மீட்டர் சரி என்றால் மிச்சம் இருப்பது கை மட்டும்தான். அப்படித்தான் அந்த மனுஷன் கணக்குப் போட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் அஞ்சலை முன்னால் வலது கையை நீட்டினார். விரல்கள் ஆடின.

"கை போச்சு அஞ்சலை."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"டம்ளர ரெண்டு கையில புடிச்சீங்களே, அன்னிக்கே."

வெள்ளிக்கிழமை குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஃபேக்டரியிடம் ஒப்படைக்க வேண்டும். நெமிலிச்சேரியில் வாங்கியிருந்த ஃபிளாட்டில் ஓடாத வண்டியை நிறுத்தக் கூடாது என்று அசோசியேஷன் நோட்டீசே ஒட்டியிருக்கிறது. ஞானசேகரன் காயலாங்கடை திருவேங்கடத்துக்குப் போன் போட்டு, நாளை நாலு மணிக்கு வந்து தூக்கிப்போகச் சொல்லிவிட்டார். பிறகு எதுவும் சாப்பிடாமல் படுத்தார்.

அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை. வியாழன் காலை அவரிடம் கேட்காமலே மைதிலியைக் கூப்பிட்டாள். பக்கத்து பிளாக் பெண். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் மெக்கானிக் ஷெட்டுகளுக்கெல்லாம், வண்டிக் கோளாறு காட்டும் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் சுற்றுபவள். இரண்டு மணிக்கு வந்தாள். டேஷ்போர்டுக்கு அடியில் ஸ்கேனரைச் சொருகிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வயரிங் யாரு அங்கிள் பண்ணது?"

ஞானசேகரன் வலது கையைப் பின்னால் கொண்டுபோனார். "நான்தாம்மா."

"வயர்ல ஒரு தப்புகூட இல்ல. இது சாவிய கேக்குது. ஆல்டோ சாவிக்குள்ள ஒரு சிப் இருக்கும் அங்கிள், அதப் படிச்சாதான் இஞ்சின விடும். புது டேஷ்போர்டா இருந்தா லைட்டு மின்னிக் காட்டிக் குடுத்திருக்கும். உங்க பழைய டேஷ்போர்டுல அந்த லைட்டே இல்ல." அடியில் தொங்கிய ஒரு கறுப்பு வளையத்தை இழுத்துக் காட்டினாள். "இதுதான் சாவியப் படிக்கும்."

அந்த வளையத்தையும் அவர் ஒழுங்காகத்தான் சேர்த்திருந்தார், முப்பத்தேழாவது நம்பர். சாவித் துவாரத்துக்கு வெளிச்சம் காட்டும் விளக்கு என்று நினைத்து, எரியாமல் போனால் போகட்டும் என்று விட்டிருந்தார். பீரங்கி வண்டியில் இந்தச் சமாசாரமெல்லாம் கிடையாது.

"அந்த சாவி எங்க அங்கிள்?"

அஞ்சலை படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பூசணிக்காயில போட்டுட்டேன்."

அமாவாசை அன்று வண்டியைச் சுற்றித் திருஷ்டி கழித்திருக்கிறாள். பூசணிக்காயில் துளை போட்டுக் குங்குமமும் சில்லறையும் போடும்போது, அடிபட்ட காரின் பீடை அதோடு ஒழியட்டும் என்று சாவியையும் உள்ளே திணித்து, மூணு ரோடு முனையில் உடைத்துவிட்டு வந்திருக்கிறாள். திருஷ்டி கழித்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை.

"நான்தான வேஸ்ட்டுன்னேன்," என்றார் ஞானசேகரன். அவருக்குக் கோபம் வரவில்லை. வயரில் தப்பில்லை என்ற அந்த ஒரு வார்த்தையிலேயே இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி அனுப்பினால் சாவி கேட்காதபடி மாற்றித் தருவார்கள், பத்து நாள் ஆகும் என்றாள் மைதிலி. அஞ்சலை அதைக் கேட்க அங்கே இல்லை. செருப்புகூடப் போடாமல் முனைக்கு ஓடியிருந்தாள்.

அங்கே சிதறிய ஓடுகூட மிச்சமில்லை, பெருக்கிவிட்டிருந்தார்கள். எதிரே பச்சையப்பன் டீக்கடை. பாய்லருக்குப் பக்கத்து ஆணியில் குங்குமக் கறையோடு சாவி தொங்கியது.

"அது உன்னுதாம்மா?" என்றான் பச்சையப்பன். "நாலு நாளா மாட்டி வச்சிகினு கீறேன். பூசணிக்காய்ல காசு போடுவாங்க, எடுத்துக்கினேன், பொய் சொல்ல மாட்டேன். சாவிய யாரு போடுவாங்க? கை தவறி வுழுந்துடுச்சோன்னு நெனச்சேன். ஊட்டு சாவியா இருந்தா பாவம், எவனாவது வெளிய நின்னுகினு இருப்பான்ல?"

கழித்ததைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அஞ்சலை வாழ்நாளில் அப்படிச் செய்ததில்லை, செய்தவர்களை மதித்ததுமில்லை. கையை நீட்டினாள், ஒருமுறை இழுத்துக்கொண்டாள், பிறகு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

வந்தவள் முன்சீட்டில் ஏறி, வளையத்துக்குள் சாவியைத் தானே பிடித்துக்கொண்டாள். ஞானசேகரன் பழைய சாவியைத் திருப்பினார். இரண்டாம் சுற்றில் இஞ்சின் பிடித்தது. மைதிலி கைதட்டினாள். அஞ்சலை அழுதாள், அழுதபடியே நோட்டை எடுத்து நாற்பத்திரண்டு என்று போட்டு, சாவி என்று எழுதி டிக் அடித்தாள்.

நாலு மணிக்குத் திருவேங்கடம் மினி லாரியோடு வந்தபோது வண்டி வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஒரு டீ குடித்துவிட்டுப் போனான்.

வண்டியை அன்றைக்கே நெமிலிச்சேரிக்கு எடுத்தார்கள். "ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா அப்புறம் சாவி தேவையில்ல, கீழ வச்சிடு," என்றார் ஞானசேகரன்.

"ஊடு போய்ச் சேரட்டும்," என்று வளையத்திலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள் அஞ்சலை.

மூணு ரோடு முனை வந்தது. ஞானசேகரன் கியரை மாற்றினார். வலது கை ஸ்டீயரிங் மேல் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதை மறைக்கவில்லை.