சகோதரர் லெமுவேலின் முழங்கால்

அலபாமாவில் கோல்ட்டர்ஸ்வில் ஊரில் விடிந்தால் வானொலியில் இரண்டு பேர் வாயைத் திறப்பார்கள். கன்ட்ரி பாட்டு நிலையத்தில் பஸ்டர் டில். அவன் அடிக்கிற கூத்தைக் கேட்டுச் சிரித்த மரலாரிக்காரர்கள் வண்டியைச் சோளக்காட்டில் இறக்கிவிட்டு, இறங்கிய பிறகும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். தேவகீத நிலையத்தில் சகோதரர் லெமுவேல். அந்தக் கவுன்ட்டியில் யார் செத்தாலும் அவர் வாசித்தால்தான் செத்ததாகக் கணக்கு. அவர் வாசிக்கிற அழகில், செத்தவரின் கூடப் பிறந்தவர்களுக்கே ‘நம்ம அண்ணன் இவ்வளவு நல்லவனா’ என்று சந்தேகம் வந்துவிடும்.

பஸ்டர் லெமுவேலைக் கிண்டல் செய்வான். ‘பக்கத்து நிலையத்துல ஒருத்தர் தூங்க வெச்சிட்டிருக்கார், ஓட்டுறவங்க ஜாக்கிரதை’ என்பான். லெமுவேல் மறுநாள் பஸ்டரின் ஆன்மாவுக்காக மெதுவாக ஒரு ஜெபம் செய்வார். ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. முடிவெட்டும் கடையில் ஒரு கட்சி, பாப்டிஸ்ட் ஆலயத்தில் ஒரு கட்சி, இரண்டிலும் உள்ளவர்கள் பாதிப்பேர்.

இரண்டு பேரும் ஒரே ஆள் என்பது மட்டும் ஊருக்குத் தெரியாது. அந்த ஆள் வெண்டல் ஹேகுட். இரண்டு நிலையங்களையும் டல்லஸில் இருக்கும் ஒரே கம்பெனி வாங்கி, ஒரே தகரக் கட்டடத்தில் அடைத்து, ஆட்களைக் கழித்துக் கழித்துக் கடைசியில் மிஞ்சிய தொண்டை அவருடையது. காலையில் பஸ்டராக மூக்கால் பேசுவார், நேரடியாக. அது முடிந்ததும் எதிர் அறைக்குப் போய், வெந்நீர் குடித்து, நாளைய லெமுவேலை வயிற்றிலிருந்து பேசிப் பதிவு செய்வார். ஈமச்சடங்கு நிலையத்துக்காரர்கள் செத்தவர்களின் பெயர்களை மெதுவாகத்தான் அனுப்புவார்கள். அந்த ஊரில் சாகிறவர்கள் யாரும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் செத்ததில்லை. ஆகவே காத்திருக்க வேண்டும்.

லெமுவேலை எல்லா ஆலயங்களும் விருந்துக்கு அழைத்தன. போக முடியாதே. ஒவ்வொரு தடவையும் முழங்கால் வலி என்று வெண்டல் சொல்லியனுப்பினார். நாளாவட்டத்தில் அந்த முழங்கால் ஊருக்கே சொந்தமாகிவிட்டது. புதன்கிழமை ஜெபக்கூட்டங்களில் முதலில் ஜனாதிபதிக்காக ஜெபித்தார்கள், பிறகு லெமுவேலின் முழங்காலுக்காக ஜெபித்தார்கள். ஜனாதிபதிக்குச் சுருக்கமாக.

வீட்டுக்கு வரும்போது வெண்டலிடம் குரல் எதுவும் மிச்சம் இருக்காது. தலையை ஆட்டுவார். உப்பு வேண்டுமென்றால் உப்பைப் பார்ப்பார். மனைவி எர்லீன் அதைப் புரிந்து எடுத்துக் கொடுப்பாள். காலையில் அவர் வேலைக்குப் போன பிறகு, அது யார் குரல் என்று தெரிந்தே, சமையலறை வானொலியில் லெமுவேலை வைத்துக்கொண்டுதான் அவள் காப்பி குடிப்பாள். லெமுவேல் ‘காலை வணக்கம், எப்படி இருக்கீங்க’ என்பார். இவள் ‘ஏதோ இருக்கேன்’ என்று பதில் சொல்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே சொன்னாள்: “அந்த மனுஷன்மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, வெண்டல். உன்மேலதான்.”

அந்த வசந்தத்தில் மேலாளர் மர்லா ப்ரூயிட் அவரைக் கூப்பிட்டாள். பாதி வயதுக்காரி, நல்ல பெண், அவளும் மூன்று பேர் வேலையைப் பார்க்கிறவள். டல்லஸ்காரர்கள் இரண்டு காலை நிகழ்ச்சிகளில் ஒன்றை வெட்டப் போகிறார்களாம். யார் எதைக் கேட்கிறார்கள் என்று மதிப்பீட்டுக் கம்பெனி வீடுகளுக்குப் படிவம் அனுப்பி எடுக்கும் கணக்கில் எது கீழே வருகிறதோ அது போச்சு. அந்த இடத்தில் டல்லஸிலிருந்து செயற்கைக்கோள் வழியாக வேறு யாரோ பேசுவார்.

வெண்டலுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ஒரு ஆள் குறைந்தால் மதியமே வீட்டுக்குப் போகலாம். ஆனால் போகவேண்டியது பஸ்டர். லெமுவேல் போனால் எர்லீனிடம் பேச வீட்டில் ஆள் இல்லை.

ஆகவே பஸ்டரைப் பட்டினி போட்டுக் கொல்வது என்று முடிவு செய்தார். ஜோக்கை நிறுத்தினார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கொட்டாவி விட்டார். வானிலை அறிக்கைக்கு ‘ஜன்னல் இருந்தா பாத்துக்கோங்க’ என்றார். ஒரு நாள் ஒன்றுமே சொல்லாமல் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு, அடுத்த பாட்டைப் போட்டார். லெமுவேலுக்கோ உழைத்தார். செத்தவர்களின் நாய் பெயர்வரை விசாரித்து வாசித்தார்.

நடந்தது தலைகீழ். ஊருக்கே அந்தப் பெருமூச்சு பிடித்துப்போயிற்று. காகித ஆலையில் ஷிப்டு மாறும்போது எல்லோரும் ஒன்றாகப் பஸ்டர் மாதிரிப் பெருமூச்சு விட்டதில் புகைபோக்கியே ஆடியது என்கிறார்கள். கடன் வாங்க வந்தவனிடம் வங்கிக்காரர் பெருமூச்சு விட்டார். மெதடிஸ்ட் போதகர் பிரசங்கத்தின் நடுவில் விட்டார், காணிக்கை கூடியது. கணக்கு வந்தபோது பஸ்டர் உச்சியில். லெமுவேல், பன்றி விலை மட்டும் சொல்கிற நிலையத்துக்கும் கீழே.

“நீங்க ஜெயிச்சிட்டீங்க, வெண்டல்,” என்றாள் மர்லா. அவள் முகத்திலும் ஜெயித்த களை இல்லை.

“தோத்தவன் யாரு?”

“அதுவும் நீங்கதான்.”

கடைசியாக ஒரு வார்த்தை சொல்லி விடைபெறலாமா என்று கேட்டார். மர்லா தலையாட்டி மறுத்தாள். வேலை போகிறவன் கையில் மைக்கைக் கொடுப்பதில்லை என்பது வானொலிக்காரர்களின் பழைய சட்டம். வெளியே போகிறவன் என்ன பேசுவான் என்று யாருக்குத் தெரியும்?

திங்கள்கிழமை லெமுவேல் இல்லை. டல்லஸ்காரன் ஒருவன் கோல்ட்டர்ஸ்வில் பெயரையே தப்பாகச் சொன்னான். சாவு அறிவிப்பு கிடையாது. ஊர் மூன்று நாள் பொறுத்தது. நான்காம் நாள் ஒரு முடிவுக்கு வந்தது: லெமுவேல் போய்ச் சேர்ந்துவிட்டார். முழங்காலில் இருந்தது நெஞ்சுக்கு ஏறிவிட்டது. எல்லோர் சாவையும் வாசித்த மனுஷனின் சாவை வாசிக்க ஆளில்லாமல் போய்விட்டது.

பிறகு சாப்பாடு வரத் தொடங்கியது. அலபாமாவில் செத்த வீட்டுக்கு வெறுங்கையோடு யார் போவார்கள்? லெமுவேலுக்கு வீடு எது என்று தெரியாததால் நிலையத்துக்கே கொண்டுவந்தார்கள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட தட்டுகள், பொரித்த கோழி மலைமலையாக, வாழைப்பழ புட்டிங் குளிக்கிற அளவுக்கு, மசாலா வைத்த முட்டைகள் அந்தக் கவுன்ட்டிக் கோழிகளே ராஜினாமா செய்கிற அளவுக்கு. ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் திருப்பித் தர வசதியாகக் காகித நாடாவில் சொந்தக்காரி பெயர். ஒலிபரப்பு இயந்திரத்தின் மேல் மட்டுமே மூன்று பன்றித்தொடைகள். அந்தச் சூட்டில் அவை வெதுவெதுப்பாகவே இருந்தன.

ஓடெல் க்ரம்ப் என்ற கிழவர் நான்காவது பன்றித்தொடையோடு வந்து வெண்டலைப் பிடித்துக்கொண்டார். “நீதானே பஸ்டர்? தம்பி, அந்த மனுஷனைப் பத்தி நாலு வார்த்தை நல்லதாச் சொல்லு. உசிரோட இருந்தப்ப நீ அவரைப் படுத்தின பாடு கொஞ்சநஞ்சமில்ல.”

“தெரியுங்க ஐயா,” என்றார் வெண்டல். அந்த ஒன்றையாவது உண்மையாகச் சொல்ல முடிந்தது.

மர்லா டல்லஸுக்குப் போன் செய்து கேட்டுவிட்டு வந்தாள். சட்டத்துறை சொல்லிவிட்டதாம். “செத்துட்டார்னு சொல்லக்கூடாது. உசிரோட இருக்கார்னும் சொல்லக்கூடாது.”

“அப்ப நான் எப்படி இருக்கேனோ அப்படித்தான்,” என்றார் வெண்டல், கோழிக்கால் ஒன்றைக் கடித்துக்கொண்டு. தன் சாவுச் சாப்பாட்டைத் தானே சாப்பிடுகிறவனுக்குப் பசி அவ்வளவாக இருப்பதில்லை. ஆனாலும் கோழி நன்றாக இருந்தது.

மறுநாள் காலை பஸ்டர் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே எர்லீன் வந்தாள். ஆலயத்துக்கு உடுத்தும் கறுப்பு உடை. கையில் தேங்காய் கேக். ஒலிபரப்பு அறைக்குள் நேராக வந்து அவர் முன்னால் வைத்தாள்.

“எர்லீன், நீயுமா?”

“தெரிஞ்சவங்க வீட்டுச் சாவுக்கு வராம இருக்க முடியுமா?” உட்கார்ந்து கையுறையைக் கழற்றினாள். “தினம் காலையில எங்கூட காப்பி குடிச்ச மனுஷன். எப்படி இருக்கேன்னு கேட்ட ஒரே ஆள்.”

அவள் சிரிக்கிறாளா என்று பார்த்தார். சிரிக்கவில்லை.

பாட்டு முடியப்போகிறது. மேசையில் ஈமச்சடங்கு நிலையத்திலிருந்து வந்த பெயர்கள் நான்கு நாளாக வாசிக்க ஆளின்றிக் கிடந்தன. வெண்டல் ஒரு பெருமூச்சு விட்டார். அது பஸ்டருடைய பெருமூச்சு இல்லை, ஆனால் மைக் திறந்திருந்ததால் ஊர் முழுக்கப் போயிற்று. வெந்நீர் இல்லை. அங்கிருந்த ஆறின காப்பியைக் குடித்தார்.

“காலை வணக்கம்,” என்றார், வயிற்றிலிருந்து. “எப்படி இருக்கீங்க?”

எர்லீனைப் பார்த்துத்தான் கேட்டார்.

“ஏதோ இருக்கேன்,” என்றாள் அவள்.

பிறகு பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். யார் யாருக்கு மகள், எந்த ஆலயத்தில் எப்போது அடக்கம், என்ன நாய். காகித ஆலையில் இயந்திரங்களை நிறுத்திக் கேட்டார்கள். கதவுக்கு வெளியே மர்லா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வந்து நிறுத்தவில்லை.

இரண்டு பேரும் ஒரே ஆள் என்று இப்போதாவது ஊருக்குப் புரிந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஊருக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடைத்தது. பஸ்டர் டில் இரட்சிக்கப்பட்டுவிட்டான். லெமுவேல் இத்தனை வருஷம் செய்த ஜெபம், அவர் போன பிறகு பலித்துவிட்டது. குரல்கூட இறங்கி வந்திருக்கிறது பார் என்று பாப்டிஸ்டுகள் அழுதார்கள். தண்ணீரில் முக்கி ஞானஸ்நானம் கொடுக்க நாலு போதகர்கள் போட்டி போட்டார்கள். வெண்டல் முழங்கால் வலி என்று சொல்லியனுப்பினார்.

இலையுதிர் காலத்துக் கணக்கில் பஸ்டர் மறுபடி உச்சி. பெருமூச்சும் சாவு அறிவிப்பும் ஒரே நிகழ்ச்சியில். டல்லஸ்காரர்கள் இதைப் புது வகை என்று சொல்லி வேறு ஊர்களிலும் செய்யச் சொன்னார்களாம். பாவம், அந்த ஊர்களின் தொண்டைகள்.

மதியப் பதிவு இல்லாமல் போனது மட்டும் நிஜம். ஆனால் பெயர்களை வாசித்த அன்றைக்கு மதியம் வெண்டல் பாத்திரங்களை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொரு வாசலிலும் லெமுவேலின் நல்ல குணங்களைக் கேட்டு, பொழுது சாயும்போதுதான் கடைசிப் பாத்திரத்தோடு வந்து சேர்ந்தார். அதன் அடியில் ‘ஹேகுட்’ என்று ஒட்டியிருந்தது. சமையலறையில் வானொலி அணைந்திருந்தது.

“வந்தது யாரு?” என்றாள் எர்லீன், அடுப்பைப் பார்த்தபடியே.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தலையை ஆட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தார்.

“ரெண்டு பேரும்தான்,” என்றார். “ரெண்டு பேருக்கும் தூக்கம் வருது. உப்பு எங்க?”