பினாங்கு கூஜா

ஈயம் உருகும்போது ஆரிஃபாவுக்கு எதிரே யார் வந்து நின்றாலும் தெரியாது. திருச்சி பெரிய கடைவீதிக்குப் பின்னால், தன் வீட்டு முற்றத்தில் கரியடுப்பை மூட்டி, கன்டோன்மென்ட் வெள்ளைக்காரர்கள் கழித்துப் போட்ட கலப்பு ஈயக் குவளைகளை இரும்புச் சட்டியில் இட்டு உருக்குவாள். குவளைகள் தூக்கம் வந்தவை போலக் குழைந்து சாயும். மேலே படிகிற ஆடையைக் கரண்டியால் ஒதுக்கினால் அடியில் ஒரு கடல். அதில் ஒரு கப்பல் வரும். கப்பலில் அவள் கணவர் முஜிபுர் ரஹ்மான் நிற்பார். அச்சில் ஊற்றியதும் கடல், கப்பல் எல்லாம் இறுகிப் பாளமாகிவிடும். பொம்மையும் பொத்தானும் வார்ப்பவர்கள் வந்து வாங்கிப் போவார்கள்.

பினாங்கு ஜப்பான்காரன் கைக்குப் போய் ஒன்றரை வருஷம். அவரிடமிருந்து கடிதாசு இல்லை. கடைசியாக அவர் அனுப்பியது ஓர் ஈயக் கூஜா. தான் வந்ததும் அதில்தான் தண்ணீர் தரவேண்டும் என்று எழுதியிருந்தார். தினமும் அதில் தண்ணீர் நிரப்பி வைத்தாள். “ஞாபகத்துக்கு வச்சிருக்கா, பாவம்” என்றார்கள் அக்கம்பக்கத்தில். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவள் மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழுதால் அவர் இல்லையென்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயம்.

அன்று காலை, ஈயம் உருக்குகிறவள் என்று கேள்விப்பட்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து கோதைநாயகி என்ற பெண் வந்தாள். கல்யாணமாகி மூன்று மாதம்தான். முந்தானையில் முடிந்திருந்த ஈயத் துண்டுகளைத் தரையில் கொட்டினாள்.

“சாத்தமுதுச் சொம்பு. வெறுமனே அடுப்பில வச்சுட்டேன்.”

ரசத்தைச் சாத்தமுது என்கிற வீட்டில் இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஈயச் சொம்பில் புளித்தண்ணீரை விட்ட பிறகே அடுப்பில் ஏற்றவேண்டும். வெறுஞ்சொம்பு என்றால் கண்மூடித் திறப்பதற்குள் உருகி ஓடிவிடும்.

“என்ன யோசனையில இருந்தீங்க?”

“கோபுரத்துக் கிளியெல்லாம் பாத்துண்டு நின்னுட்டேன்.”

ஆரிஃபாவுக்குச் சிரிப்பு வந்தது. நமக்கு ஒரு ஜோடி கிடைத்தது என்று நினைத்துக்கொண்டாள்.

“பாதி ஈயம் சாம்பலோட போயிடுத்து. மாமியார் நாளன்னிக்குத் திருமலையிலேர்ந்து வந்துடுவா. அவா பொறந்தாத்துச் சொம்பு. என்னைத் திருப்பி அனுப்பிச்சுடுவா.”

பாத்திரக்காரர் ரத்தினவேல் ஒரே நாளில் சொம்பு செய்து தந்துவிடுவார். ஆனால் குறைகிற ஈயத்துக்கு எங்கே போவது? பினாங்கு ஈயம் நின்றதிலிருந்து கடைவீதியில் மருந்துக்குக்கூட இல்லை.

ஆரிஃபா தன் பாளங்களை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து வளைத்தாள். சுத்தமான வெள்ளீயம் வளையும்போது முனகும். ஈயம் அழுகிறது என்பார்கள் தொழிலில். அவளுடைய பாளங்கள் அத்தனையும் ஊமை.

“எல்லாத்துலயும் காரீயம் கலந்திருக்கும்மா. பொம்மைக்கு ஆகும். புளி பட்டா விஷம்.”

கோதை துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். அந்தக் குனிந்த தலையைப் பார்க்க ஆரிஃபாவுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய்க் கூஜாவை எடுத்து வந்தாள்.

“வீட்டுக்காரர் பினாங்கிலேர்ந்து அனுப்பினது. நல்ல ஈயமாத்தான் இருக்கும்.”

“ஐயோ, வேண்டாம்! அவர் ஞாபகமா வச்சிண்டிருப்பேள்.”

சுருக்கென்றது ஆரிஃபாவுக்கு.

“ஞாபகமா வைக்கிறது மௌத்தா போனவங்க சாமானை. அவரு வரப்போறவரு. வந்தா வேற கூஜா செஞ்சுக்கலாம்.”

அதிலிருந்த தண்ணீரைத் தானே குடித்தாள். ஈரம் பட்டால் உருகிய ஈயம் வெடித்துத் தெறிக்கும் என்று உள்ளும் புறமும் துடைத்தாள். பிஸ்மில்லா சொல்லிச் சட்டியில் வைத்தாள்.

கூஜா குழைந்தது. ஆடையை ஒதுக்கிவிட்டு உற்றுப் பார்த்தாள். கடல் இருந்தது. கப்பல் வரவில்லை. கரி தணியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அச்சில் ஊற்றினாள்.

பாளம் ஆறியதும் காதருகே வைத்து வளைத்தாள். அது நீளமாக, விட்டுவிட்டு அழுதது. ஒன்றரை வருஷமாக அடைத்து வைத்ததெல்லாம் அவளுக்கும் பீறிட்டுக்கொண்டு வந்தது. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

கோதை பதறிப்போனாள். “என்னாச்சு? இதுவும் கலப்பா?”

“இல்லம்மா,” என்றாள் ஆரிஃபா. “சுத்தமா இருக்கு. எடுத்துக்கிட்டுப் போங்க.”