ஐந்தாம் பக்கத்தின் பின்புறம்

1991இல், போர்க்காலப் பொருள்தடையால், எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்திடம் எஞ்சியிருந்தது ஒரேயொரு கட்டு, படியெடுக்கும் ரோணியோக் கடதாசி. மானிப்பாய்க்கு நாள்தோறும் வந்துபோக இயலாத மாணவர்கள் தொழினுட்ப வரைதலை வீட்டிலிருந்தே கற்பதற்காக நான் எழுதிய கற்றல் அலகுகளை அதில் அச்சிட ஏற்பாடாகியிருந்தது. மூன்றாம் அலகில் பிழை நேர்ந்தால் திரும்ப அச்சிட வழியில்லை. பொருளொன்றின் உள்ளே மறைந்திருக்கும் விளிம்புகளை, இடைவிட்டு வரையும் துண்டுக்கோட்டால் காட்டும் பாடம் அது. முந்திய ஆண்டு ஐந்துபேர் படிப்பைக் கைவிட்டது அந்த இடத்தில்தான்.

ஆகவே கையெழுத்துப் பிரதியை அவ்வாண்டின் ஒன்பது மாணவரிடமும் முறைவைத்துச் சுற்றுக்கு விட்டேன். முதற்பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கட்டளை: இதில் எழுதுபவருக்கு அடுத்த அலகு கிடையாது. முதல் இருவரும் அலகின் இறுதியிலிருந்த சுயசோதனையில் தவறினர். பின்வந்த எழுவரும் தேறினர். என் விளக்கத்தின் தெளிவே காரணமென்று நிலைய அதிபர் சோமசேகரத்திடம் சொல்லியும் வைத்தேன்.

அச்சுக்கு முதல்நாள் பிரதியைத் துப்புரவாக்கியபோது, ஐந்தாம் பக்கத்தின் பின்புறத்தில் மங்கலான பென்சில் எழுத்து. முதல் வரியை வாசியாமலே அழித்த பிறகே இரண்டாம் வரி கண்ணிற் பட்டது: ‘ஆணித்தலை தெரியிற இடத்திலை துண்டுக்கோடு.’ எழுவரும் எதனால் தேறினர் என்பது அப்போது விளங்கிற்று.

அன்று எல்லோரும் கூடிய மாதாந்த வகுப்பில் பக்கத்தைத் தூக்கிக் காட்டி, யார் எழுதியதென்று கேட்டேன். முதல் வரியை நானே அழித்துவிட்டதையும் சொன்னேன். தவறிய இருவரில் ஒருவனான பரமலிங்கம் முந்திக்கொண்டு கதைத்தான்.

“பிள்ளையார் எழுதியிருப்பார் ரீச்சர். அவருக்குத்தானே உந்த வேலை பழக்கம்.”

சிரிப்பு அடங்குமுன் யசிந்தா எழுந்தாள். குருநகரில் வள்ளம் கட்டுபவரின் மகள். பிரதி மூன்றாவதாகச் சென்றது அவளிடம்.

“நான்தான் ரீச்சர். அடுத்த அலகு தராட்டிலும் பரவாயில்லை. முதல் வரி இல்லாமல் மற்றது ஒருத்தருக்கும் விளங்காது.”

அவள் கரும்பலகையில் ஒரு வள்ளத்தை வரைந்தாள். கரையில் நிற்பவருக்கு உள்ளிருக்கும் மரச்சட்டங்கள் தெரியா. அவற்றைப் பலகையோடு இறுக்கிய ஆணிகளின் தலைகளோ வெளியே வரிசையாகத் தெரியும். அந்த வரிசைதான் சட்டம் நிற்கும் இடம். அழிந்த வரியை மேலே எழுதினாள்: ‘உள்ளுக்கிருக்கிற சட்டத்தை ஆணித்தலை காட்டிக் குடுக்கும்.’ பரமலிங்கமும் தவறிய மற்றவனும் அங்கேயே கொப்பியில் வரைந்தார்கள். இருவரதும் சரி.

“உந்த வழியை ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை நீர்?” என்று யசிந்தாவைக் கேட்டேன்.

“எழுதக்கூடாது எண்டு சிவப்பிலையல்லோ போட்டிருந்தனீங்கள்.”

அன்று பின்னேரமே அச்சுக்கான ஸ்டென்சில் தாளை வெட்டினேன். ஐந்தாம் பக்கத்து விளக்கத்தை எடுத்துவிட்டு, வள்ளத்தையும் அவ்விரு வரிகளையும் இட்டு, கீழே அவள் பெயரைப் பொறித்தேன். எங்கள் கடைசிக் கடதாசியைக் காத்தவளுக்கு என்னால் செய்ய முடிந்த நன்றி அவ்வளவே. அதிபரிடம் போய், முன்பு சொன்னதைத் திருத்திக்கொண்டேன்.

நான்காம் அலகின் கையெழுத்துப் பிரதி முதலில் குருநகருக்குப் போயிற்று. அதன் முதற்பக்கத்தில் கட்டளை எதுவும் இருக்கவில்லை. கூர்சீவிய பென்சிலொன்றைப் பிரதியோடு நூலால் கட்டியிருந்தேன்.