பாவா–கெங்கம்மாள் பார்ட்டி

திருத்தணி மலைப்படியில் பாதி வழியில் உட்கார்ந்துதான் வீரபத்திரனும் அவன் மனைவி கெங்கம்மாளும் பாடுவார்கள். யோசித்துப் பிடித்த இடம். அங்கே வரும்போது எல்லோருக்கும் மூச்சு வாங்கும். மூச்சு வாங்குகிறவன் பாட்டைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பாட்டு அவளுடையது. ஒற்றைத் தந்தித் துந்தனா அவனுடையது. அவன் கண்ணை மூடிக்கொள்வான். அவள் மெதுவாக "பாவா" என்பாள். உடனே விரல் தந்தியில் விழும். அத்தை மகனை எங்கள் பக்கத்தில் பாவா என்போம். அத்தை மகனையே கட்டிக்கொண்டவள் வேறெப்படிக் கூப்பிடுவாள்? புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கமும் கிடையாது.

யுத்தம் முடிந்த வருஷம் கும்பகோணத்துக் காண்ட்ராக்டர் கோதண்டபாணி சுவாமி கும்பிட வந்தார். பாதி வழியில் அவருக்கும் மூச்சு வாங்கியது. இறங்கி வருவதற்குள், இருவரையும் தெற்கே பொருட்காட்சிகளில் பாடவைப்பதென்று முடிவு செய்துவிட்டார். நோட்டீஸ் எழுத, காலேஜ் லீவுக்கு வந்திருந்த என்னைப் பிடித்தார்.

"அந்த ஆள் பேர் என்ன தம்பி? அந்தம்மா பாவா பாவாங்குதே, அதானே?"

அதுதான் என்றேன். கெட்ட எண்ணம் எதுவுமில்லை. வெயில் அதிகமாக இருந்தது.

'பாவா–கெங்கம்மாள் பார்ட்டி' கும்பகோணத்தில் ஒரு வாரம் பாடியது, மதுரையில் ஒரு மாதம். தெற்கே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாததால் கிழவர்கள்கூடத் தாராளமாகக் கூப்பிட்டார்கள். சித்தூரில் அர்த்தம் தெரியும். அங்கே இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார்களாம்.

சென்னைக் கொட்டகையில் நானே பார்த்தேன். மைக் வந்திருந்தது. கெங்கம்மாள் வாயைத் திறக்குமுன் பின் பெஞ்சிலிருந்து எவனோ "பாவா!" என்றான். விரல் விழுந்துவிட்டது. அவள் ஓடிப்போய்ப் பாட்டைப் பிடித்தாள்.

கச்சேரி முடிந்து உள்ளே போனேன்.

"நோட்டீஸ் எழுதனது நீதானாமே?" என்றாள் கெங்கம்மாள்.

"ஆங்."

"வேற பேரே கெடைக்கலியா? சோடா விக்கறவன் பாவான்றான். மைக்குக்காரன் பாவான்றான். நான் இன்னான்னு கூப்புட்றது?"

"பேரச் சொல்லிப் பாருங்களேன்."

"அட போ நைனா."

அவள் கோபித்துக்கொண்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன். கோபிக்கவில்லை. மேடைக்கு வைத்த பெரிய பொட்டைக் கலைத்துக்கொண்டிருந்தாள்.

வீரபத்திரன் துந்தனாவைத் துடைத்துக்கொண்டிருந்தான். "இவ கூப்புட்டு நாலு மாசம் ஆவுது" என்றான், மழை பெய்து நாலு மாசம் ஆவதைச் சொல்வதுபோல. "கிருத்திகைக்கு ஊருக்குப் போறோம். நம்ம படியில ஒக்காந்தா கூப்புடுவா."

ஆடிக் கிருத்திகைக்கு வந்தார்கள். அதே படி. மைக் இல்லை, கோதண்டபாணி இல்லை. காவடிக்காரர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். வீரபத்திரன் கண்ணை மூடிக்கொண்டான்.

கெங்கம்மாள் அவனைப் பார்த்தாள். "உம்" என்றாள். விரல் விழவில்லை. தொண்டையைச் செருமினாள். அதற்கும் விழவில்லை. கூட்டத்துக்கு மூச்சு திரும்பிவிட்டது. நாலு பேர் மேலே ஏறத் தொடங்கினார்கள். அவள் அவன் பக்கம் லேசாகக் குனிந்தாள். உதடு பிரிந்தது.

"பாவா!"

கூப்பிட்டது நான். கூட்டம் கலைகிறதே என்றுதான்.

விரல் தந்தியில் விழுந்தது. கெங்கம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து பாட ஆரம்பித்தாள். சுருதி சரியாக இருந்தது.