கோரைநாலா விராலும் ஒரு சிவப்பு நூலும்

"ஆறடி விரால்! பச்சப்புள்ள மாதிரி என் மடியில படுத்துக்கிட்டு என்னையே பாத்துது. நெத்தியில ஒரு முத்தம் குடுத்தேன். முதுவுல சிவப்பு நூல் ஒண்ணக் கட்டி, 'போயிட்டு வா தாயி, பத்தாயிரம் புள்ள காத்துக் கெடக்கு'ன்னு தண்ணியில விட்டுட்டு வந்துட்டேன்" என்றார் கஸ்பார்.

பன்னீர்செல்வத்தின் டீக்கடை குலுங்கியது. ஒருவருக்குப் புரையேறியது. இன்னொருவர் மேசையைத் தட்டி, "அரே கஸ்பார் பாய், மீன் என்ன பதில் சொல்லுச்சு?" என்றார்.

"வெக்கப்பட்டுது" என்றார் கஸ்பார்.

அந்தமானில், சாத்தத்துக்கும் பாம்பூஃபிளாட்டுக்கும் நடுவே முப்பத்தொரு வருஷம் ஃபெரியில் சுக்கான் பிடித்து ரிட்டயரானவர் கஸ்பார். அவர் கணக்குப்படி, ஒருமுறை நடுவழியில் இன்ஜின் நின்றபோது நாலு டால்பின்கள், அவர் பாஷையில் ஓங்கில்கள், ஃபெரியை முட்டித் தள்ளி, ஐந்து நிமிஷம் முன்னதாகவே கரை சேர்த்தன. ரிட்டயரான பிறகு மாயாபந்தருக்குத் தெற்கே கோரைநாலா ஏரிக்கரையில் வீடு கட்டிக்கொண்டு, கடலில் மிச்சம் வைத்த பொய்களை ஏரியில் செலவழித்து வந்தார். டீக்கடையில் யாரும் அவரை நம்பியதில்லை; சந்தேகப்பட்டதும் இல்லை. சினிமா பார்க்கிறவன் சந்தேகமா படுவான்? உலகத்தில் கஸ்பாரைச் சந்தேகப்பட்ட ஒரே ஜீவன் அவர் மனைவி அமுதம்தான். முப்பத்தெட்டு வருஷமாக அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டவளும் அவள் ஒருத்திதான். கேட்டால்தானே சந்தேகம் வரும்!

வீட்டில் அவள் வாளியை எட்டிப் பார்த்தாள். உள்ளங்கை நீளத்தில் எட்டு ஜிலேபிக் கெண்டை.

"விரால் எங்க?"

"டீக்கடையில சொன்னது உங் காதுக்கு வரலையா?"

"வந்துது. உங்களுக்கு முந்தி வந்துட்டு. நான் கேக்குதது விரால் எங்கன்னு."

"விட்டுட்டேன்ட்டி."

"ஜூட்!" என்றாள் அமுதம். பொய்க்குத் தமிழில் திட்டித் திட்டி அலுத்துப்போய், பல வருஷம் முன்பே இந்திக்கு மாறியிருந்தாள். "மழைக்கோட்டுல பட்டன் எங்க?"

"அந்த நூலத்தான் உருவி மீனுக்குக் கட்டினேன்."

அமுதம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வயசாச்சு. பொய்யும் கிழடு தட்டிப்போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கஸ்பாருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஏனென்றால், அடி கணக்கைத் தவிர மற்றதெல்லாம் நடந்தது. உண்மை சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை, பழக்கம் இல்லை.

விஷயம் மகள் சுபிதாவைப் பற்றியது. மாயாபந்தரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு தடவை வயிற்றில் தங்கி, தங்காமல் போயிற்று. இப்போது மூன்றாவது, ஏழாம் மாசம். ஞாயிற்றுக்கிழமை தாய் வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போக வேண்டும். அமுதம் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. அவர்கள் வழக்கத்தில், யாரை மதிக்கிறோமோ அவர்கள் இலையில் இருப்பதிலேயே பெரிய மீன் விழ வேண்டும். அதிலும் பிள்ளைத்தாய்ச்சிக்கு விரால். பெரிய கடல்மீன் வாங்கலாமென்றால் ஆடி மாசத்துக் கடலில் படகு இறங்காது, இருந்ததெல்லாம் ஏரிதான்.

ஏரி ஒன்றும் பெரிதில்லை. சுற்றி வர இரண்டு பீடி நேரம். கஸ்பார் சொன்னால் மூன்று நாள். பன்னிரண்டு வருஷம் முன்பு நாலா என்ற ஓடையைக் குறுக்கே கட்டியபோது ஒரு காடே உள்ளே போயிற்று. பட்ட மரங்கள் இன்னும் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. மீன்துறையிலிருந்து ரூபா என்ற பெண் வாரம் ஒருமுறை வந்து மீன்களைப் பிடித்து, அளந்து, முதுகுத் துடுப்படியில் மஞ்சள் சீட்டு குத்தி நம்பரோடு திரும்ப விடுவாள். பிறகு பிடிபடும் மீன்களில் எத்தனைக்குச் சீட்டு இருக்கிறது என்று பார்த்து, ஏரியில் மொத்தம் எத்தனை மீன் என்று கண்டுபிடிப்பாளாம். "மீனுக்கு ரேஷன் கார்டு" என்று கஸ்பார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அந்த ரூபாதான் போன மாசம் கரையில் ஒரு போர்டு வைத்தாள். பிள்ளைத்தாய்ச்சிகளும் குழந்தைகளும் இந்த ஏரியின் பெரிய விராலைச் சாப்பிட வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது.

"ஏன் மேடம், விராலு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார் கஸ்பார்.

"அது ஒண்ணும் பண்ணல அங்கிள். மூழ்கின காடு மக்கும்போது மண்ணுல இருக்குற பாதரசம் கொஞ்சம் கொஞ்சமா தண்ணியில கலக்குது. பூச்சி அதத் தின்னும், பூச்சியக் கெண்டை தின்னும், கெண்டைய விரால் தின்னும். ஒரு கெண்டைக்குள்ள கடுகளவு. பத்து வருஷமா கெண்டையாத் தின்னு வளந்த விராலுக்குள்ள அத்தன கடுகும் சேந்திருக்கும். வயித்துல இருக்குற குழந்தையோட மூளைக்கு அது ஆகாது."

"அப்ப மீனே வேண்டாமா?"

"ஐயோ, மீன் வேணும். குழந்தைக்கு ரொம்ப நல்லது. உள்ளங்கை நீள ஜிலேபி, வாரத்துக்கு ரெண்டு தடவ, தாராளமாக் குடுங்க."

இதை அமுதத்திடம் சொன்னபோது அவள் அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எங்கம்மா என்னைய வயித்துல வெச்சுக்கிட்டு வாரம் ஒரு விரால் தின்னா. எனக்கு மூளை கொறஞ்சா போச்சு?"

"என்னையக் கட்டிக்கிட்டியே."

அன்று மத்தியானம் அவருக்கு வெறும் ரசம்.

புதன்கிழமைதான் அது நடந்தது. பட்ட மரங்களுக்கு நடுவே கஸ்பாரின் தூண்டிலை ஒன்று இழுத்தது. டிங்கிப் படகே அரைவட்டம் திரும்பியது. மேலே வந்தது, அவர் கை நீளத்துக்கு ஒரு விரால். கறுத்த முதுகு, பாம்புத் தலை, மஞ்சள் சீட்டில் 417. முப்பத்தெட்டு வருஷமாக அளந்துவிட்ட மீன்களெல்லாம் ஒன்றாகத் திரண்டு, இதோ நிஜமாகவே மடியில் கிடந்தது. இதைத் தூக்கிக்கொண்டு டீக்கடை வாசலில் நின்றால் போதும். ஊர் வாயடைத்துப் போகும்.

ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோனால் அமுதம் சமைப்பாள். சுபிதா தின்பாள். கஸ்பார் மழையில் குனிந்து தூண்டில் முள்ளைக் கழற்றினார். பிறகு, அமுதம் வேறு நூல் கிடைக்காமல் சிவப்பு நூலால் தைத்துக் கொடுத்திருந்த கோட்டுப் பட்டனைப் பிய்த்து, அந்த நூலைச் சீட்டுக் காதில் சுற்றி முடிச்சுப் போட்டார். முத்தம் எதற்குக் கொடுத்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

வியாழக்கிழமை ரூபா வந்தாள். கஸ்பார் ஓடிப்போய் நம்பரைச் சொன்னார். அவள் நோட்டைப் புரட்டினாள். "417 விரால், எழுபத்தெட்டு சென்டிமீட்டர். இருக்கு அங்கிள்!"

"பாத்தியாட்டி?" என்று, பின்னாலேயே வந்து நின்ற அமுதத்தைப் பார்த்துக் கஸ்பார் துள்ளினார்.

"ஏம்மா, மொத்தம் எத்தன மீனுக்கு நம்பர் போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள் அமுதம்.

"ஐந்நூறு ஆன்ட்டி."

"அப்ப ஒண்ணுலேர்ந்து ஐந்நூறுக்குள்ள இவர் எதச் சொன்னாலும் உங்க நோட்டுல இருக்கும்லா?"

ரூபா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "விராலா இருக்கணுமே ஆன்ட்டி..." என்று இழுத்தாள். "குருட்டாம்போக்குல பட்டிருக்கும்" என்று முடித்து வைத்தாள் அமுதம்.

சனிக்கிழமை காலையில் அவளே தவளை கோர்த்த கைத்தூண்டிலோடு வந்து டிங்கியில் ஏறினாள். "தள்ளுங்க. உங்களால ஆகலைன்னா எம் புள்ளைக்கு நான் பிடிக்கேன். வாயத் தொறந்தா தண்ணியில தள்ளிருவேன்."

கஸ்பார் துடுப்புப் போட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. மனசுக்குள் மாதாவை வேண்டிக்கொண்டார்: இன்றைக்கு ஒரு மீனும் மாட்டக் கூடாது. மீன் பிடிக்கிறவன் இப்படி வேண்டி மாதா கேட்டிருக்கவே மாட்டாள்.

பட்ட மரங்களின் நடுவே ஓரிடத்தில் தண்ணீர் கொதிப்பதுபோல் இருந்தது. விரால் குஞ்சுகள். சிவப்பு சிவப்பாய், ஒரு பாய் அகலத்துக்கு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. அமுதத்தின் கண் மின்னியது. குஞ்சு மேலே இருந்தால் தாய் கீழே இருக்கும். காவல் காக்கிற விரால் எது விழுந்தாலும் பாயும். தவளையைக் குறிபார்த்து வீசினாள்.

பாய்ந்தது. தூண்டில் நரம்பு அவள் உள்ளங்கையைக் கீறிற்று. கஸ்பார் நீட்டிய கையைத் தட்டிவிட்டுத் தானே இழுத்தாள். பல்லைக் கடித்து, பலகையில் காலை ஊன்றி, ஒரே மூச்சில் மீனை டிங்கிக்குள் சாய்த்தாள். தலையில் போட மரக்கட்டையை ஓங்கினாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

துடுப்படியில் மஞ்சள் சீட்டு. சீட்டின் காதில் சிவப்பு நூல்.

கட்டையைக் கீழே வைத்தாள். நூலை இரண்டு விரலால் தடவினாள். நூல் அறாமல் இருக்க அவள் எப்போதும் கோயில் மெழுகுவத்தித் துண்டில் தேய்த்துத்தான் தைப்பாள். அந்த மெழுகு விரலில் ஒட்டியது. முடிச்சு, ஃபெரிக்காரர்கள் வடத்தைத் துறைக் கட்டையில் கட்டப் போடுகிற முடிச்சு.

கஸ்பார் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இது எந் நூலு" என்றாள் அமுதம்.

"ம்."

"இதத்தான் விட்டீயளா?"

"ம்."

"நான் ஏசுவேன்னு தெரிஞ்சுமா?"

"கொண்டாந்தா நீ கொழம்பு வெச்சிருவ. வெச்சா அவ தின்னுருவா. உங் கொழம்ப வேண்டாம்னு சொல்ல இந்த வீட்டுல யாருக்குத் தெம்பு இருக்கு?" கஸ்பார் துடுப்பையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தப் பொண்ணு சொன்னது சரியோ தப்போ, எனக்குத் தெரியாது. ஆனா இந்தப் புள்ளைக்கும் ஒண்ணு ஆச்சுன்னா, சுபிதா மொகத்த என்னால பாக்க முடியாதுட்டி."

அமுதம் அவரைப் பார்த்தாள். இந்தப் பேச்சில் ஓங்கிலும் இல்லை, ஆறடியும் இல்லை. இவ்வளவு சின்னதாக அவர் எதையும் சொல்லி அவள் கேட்டதே கிடையாது.

பின்னால் சடாரென்று ஒரு மீன்கொத்தி இறங்கியது. காவலற்ற குஞ்சுக் கூட்டம் நாலாபக்கமும் சிதறியது. "ச்சூ, போ!" என்று அமுதம் மரக்கட்டையைத் தூக்கி மீன்கொத்தியைப் பார்த்து ஆட்டினாள். பிறகு கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, தூண்டில் முள்ளைப் பதமாகக் கழற்றினாள்.

"நெத்தி எங்க இருக்கு இதுக்கு?"

கஸ்பார் காட்டினார்.

கோயிலில் சொரூபத்தைத் தொடுகிற மாதிரி விரல் நுனியை முத்தமிட்டு, மீனின் நெற்றியில் வைத்தாள். மீனைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு, அது தானாகத் திமிறும்வரை காத்திருந்து விட்டாள். கறுப்பாய் ஒரு கோடு இறங்கிப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் மறுபடி ஒரு பாயாகக் கூடின.

"அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டு 417ன்னு சொல்லுங்க" என்றாள். "நீங்க வேண்டாம், நானே சொல்லுதேன். நீங்க சொன்னா நம்பமாட்டா."

ஞாயிற்றுக்கிழமை மாயாபந்தரில் சுபிதாவின் இலையில் ஏழு வகைச் சோறும், மொறுமொறுவென்று பொரித்த உள்ளங்கை நீள ஜிலேபிக் கெண்டையும் இருந்தன. சுபிதா முள்ளைச் சப்பியபடி இரண்டாவது மீனுக்குக் கை நீட்டினாள். இலை முழுக்கத் தேடிப் பார்த்த மருமகன் ஜோஸ்வா சிரித்தான்.

"என்ன மாமா, விரால் கொண்டாறேன்னீங்க. ஆறடி மீனப் பிடிச்சு, முத்தம் குடுத்து அனுப்பிட்டீங்களாமே? டீக்கடைக் கதை பஸ் ஏறி இங்க வந்துட்டு."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். கஸ்பார் வாயைத் திறந்தார். மனைவியைப் பார்த்து மூடிக்கொண்டார்.

அமுதம் கட்டுப் போட்ட கையால் மகளுக்கு இன்னொரு மீனை எடுத்து வைத்தாள்.

"சிரிக்காதீய. நடந்தது."

"யம்மா!" என்றாள் சுபிதா. "நீயா சொல்லுத?"

"நாந்தான் சொல்லுதேன். பிடிச்சாரு, முத்தம் குடுத்தாரு, எந் நூலக் கட்டி விட்டாரு. எல்லாம் சச்சி. எங் கண்ணால பாத்தேன், எங் கையால தொட்டேன்."

ஜோஸ்வா விடவில்லை. "சரி அத்தை, ஆறடியுமா?"

அமுதம் கஸ்பாரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"அது புதங்கெழமை" என்றாள் அமுதம். "நான் பிடிக்கையில ஏழு இருந்துது."